ஐயாயிரத்து இருநூறு ரூபாய் மருந்து பில்: தில்லியில் நாங்கள் அதைக் குறைத்த விதம்

2021 ஜனவரியில் என் கணவருக்கு மாரடைப்பு வந்து, இதயத்திற்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் ஏழு மருந்துகள் இருந்தன. மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய மருந்துக் கடையில் ஒரு மாதத்திற்கானதை மொத்தமாக வாங்கியபோது பில் 5,240 ரூபாய் வந்தது. லட்சுமி நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கெழுதும் எனக்கு அது மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவரோ மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். ஸ்டென்டின் விலை எங்களை அவ்வளவாகக் கலங்கடிக்கவில்லை. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்ததிலிருந்து அது கட்டுக்குள் இருந்தது. மாதம் தவறாமல், ஆயுள் முழுவதும் வரப்போகும் மாத்திரை பில்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இன்று அவருடைய மாத மருந்துச் செலவு ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. நாங்களாக ஒரு மருந்தையும் நிறுத்தவில்லை, ஒரு வேளையையும் குறைக்கவில்லை. ஆனால் இந்த இடத்திற்கு வந்து சேர எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதில் முதல் எட்டு மாதங்களைத் தவறான திசையில் செலவிட்டேன். அந்த எட்டு மாதங்களை வேறு யாரும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த எட்டு மாதங்களும் நான் தேடியது தள்ளுபடி. வீட்டருகே உள்ள கடை 10 சதவீதம் குறைத்தது. பிங்க் லைன் மெட்ரோவில் ஐ.என்.ஏ. வரை போய், அங்கே மாறி அடுத்த நிலையமான எய்ம்ஸில் இறங்கினால், யூசுஃப் சராய் கடைத்தெருவில் 18 சதவீதம் வரை குறைக்கும் கடை ஒன்று கிடைத்தது. இணையத்தில் முதல் ஆர்டருக்கு 20 சதவீதம் கிடைத்தது. இரண்டாவது ஆர்டரில் அது 15 ஆனது. ஒவ்வொரு மாதமும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணூறு மிச்சம், தொள்ளாயிரம் மிச்சம் என்று கணக்குப் புத்தகத்தில் குறித்து வைப்பேன். பெரிய சாதனை செய்கிறேன் என்றே நம்பினேன்.

கணக்கெழுதுகிறவளுக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டிய ஒன்று எட்டாம் மாதம்தான் உறைத்தது. விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீத லாபம் சேர்த்துத்தான் உச்சவரம்பு விலையே கணக்கிடப்படுகிறது. பட்டியலில் இல்லாதவற்றில் வழக்கமாக 20 சதவீதம் இருக்கும். கடைக்காரர் தருகிற தள்ளுபடி முழுக்க இந்த லாபத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே எத்தனை கடை ஏறி இறங்கினாலும், எவ்வளவு பேரம் பேசினாலும், நல்ல கம்பெனி மருந்தில் பில்லின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைய வழியே இல்லை. கம்பெனி வைத்த விலையில் கடைக்காரர் கைவைக்க முடியாது.

அப்படியானால் ஐம்பது, அறுபது சதவீதம் குறைத்துத் தருகிறோம் என்று சொல்கிற கடைகள் எப்படித் தருகின்றன என்ற கேள்வி வரும். எனக்கும் வந்தது. ஒரு கடையில் கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் கேட்டபோது, சீட்டில் எழுதிய பெயரை விட்டுவிட்டு வேறொரு பெயர் கொண்ட அட்டையை நீட்டி, “சால்ட் ஒன்றுதான், பாதி விலை போட்டுக்கொள்ளுங்கள்” என்றார்கள். தில்லியில் மருந்தின் மூலப் பெயரை எல்லோரும் சால்ட் என்றுதான் சொல்வார்கள். அட்டையில் அச்சிட்டிருந்த எம்.ஆர்.பி. பெரிய கம்பெனி மாத்திரையின் விலைக்கு அருகிலேயே இருந்தது. ஒரே மூலப்பொருளை வைத்து வேறு கம்பெனிகள் செய்யும் மருந்தை ஜெனரிக் என்பார்கள்; அதில் இவ்வகைக்கு மொத்த வியாபாரத்தில் டிரேடு ஜெனரிக் என்று பெயர். டாக்டர்களிடம் விளம்பரம் செய்யாமல் நேராகக் கடைகளுக்கே விற்கப்படுவதால், கடைக்காரர் அவற்றை மிகக் குறைந்த விலைக்கு வாங்குகிறார். அட்டையிலோ உயர்ந்த விலை அச்சிடப்பட்டிருக்கிறது. பாதி விலைக்குக் கொடுத்த பின்னும் அவருக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. மருந்து மோசமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அச்சிட்ட விலையில் எவ்வளவு குறைத்தார்கள் என்ற சதவீதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு மாத்திரை என்ன விலைக்கு விழுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் ஒரு பிராண்டு பெயரை எழுதியிருந்தால், எச் பட்டியலில் உள்ள, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்குப் பதிலாக வேறொரு தயாரிப்பை, அதே மூலப்பொருள் கொண்டதாக இருந்தாலும்கூட, கடைக்காரர் தானாக மாற்றித் தரக்கூடாது என்று 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் சொல்கின்றன. பல நாடுகளில் மருந்தாளுநரே மலிவானதற்கு மாற்றித் தரலாம். இங்கே அந்த உரிமை அவருக்கு இல்லை. அதாவது, நம் ஊரில் மருந்தின் விலை முடிவாகும் இடம் டாக்டரின் மேசை. கவுன்டருக்கு நாம் வந்து சேரும்போது காரியம் முடிந்துவிட்டிருக்கிறது.

இதை எனக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த நாகர்கோவில் அக்கா. தில்லி அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைத் தேடிப் போக வைத்தது பணக் கவலை அல்ல, ஒரு பயம்.

2021 ஆகஸ்ட் இரண்டாவது வாரம். என் கணவர் காலையில் கட்டிலிலிருந்து எழுந்ததும் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் இதுவே தொடர்ந்தது. மூன்றாம் நாள் வீட்டிலிருந்த கருவியில் பார்த்தபோது இரத்த அழுத்தம் 92-க்கு 58 என்று காட்டியது. நான் ஓடிப்போய் அக்காவை அழைத்து வந்தேன். அவர் நாடியைப் பார்த்தார், அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திவிட்டார், பிறகு, “சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் இந்த மேசையில கொண்டா” என்றார்.

மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தேன். எட்டு வகை அட்டைகள் இருந்தன. ஏழு, மருத்துவமனைச் சீட்டில் இருந்தவை; என் கணவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு என்பதால் அதற்கான மாத்திரையும் அவற்றில் ஒன்று. எட்டாவது, முந்தைய வாரம் சர்க்கரை டாக்டர் அன்றைய அழுத்தம் அதிகமாக இருந்ததைப் பார்த்து எழுதியது. அக்கா அட்டைகளைத் திருப்பி, பளபளக்கும் அலுமினியத் தாளில் சாம்பல் நிறத்தில் பொடியாக அச்சிட்டிருந்ததை டியூப் லைட்டுக்குச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். எழுத்துகள் ஒரு கோணத்தில் தெரிந்து மறு கோணத்தில் மறைந்தன. இரண்டு அட்டைகளை மட்டும் தனியே எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்றில் நீலத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் சிவப்பில் வேறு பெயர், கம்பெனிகளும் வேறு. நீலத்தின் கீழே டெல்மிசார்டன் 40 மி.கி. என்றிருந்தது. சிவப்பின் கீழே டெல்மிசார்டன் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. என்றிருந்தது. ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் இரண்டு பங்கு, அதற்கு மேல் இன்னொரு அழுத்த மருந்தும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நானே வேளை தவறாமல், அலாரம் வைத்துக் கொடுத்தேன்.

அன்று மாலையே இதய டாக்டரிடம் பேசி ஒன்றை நிறுத்தினோம். இரண்டு நாளில் தலைசுற்றல் போனது. இரண்டு டாக்டர்களும் அவரவர் பார்வையில் சரியான மருந்தையே எழுதியிருந்தார்கள். முன்னவர் எழுதியதை நான் பின்னவரிடம் பிராண்டு பெயரில் வாயால் சொன்னேன். சந்தையில் உள்ள நூற்றுக்கணக்கான பெயர்களில் அது அவர் காதில் நிற்கவில்லை. அதனால்தான் மூலப் பெயரைத் தெரிந்துகொள்வதைச் சிக்கன யோசனையாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்களும் வீட்டு மருந்துகளின் மூலப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அக்கா போகும்போது, நான் யூசுஃப் சராய்க்கு அலைவதைப் பற்றிச் சொன்னேன். “மக்ளே, கடைக்காரர்ட்ட பேசி என்ன பிரயோசனம்? எழுதுன டாக்டர்ட்ட போய்க் கேளு” என்றார்.

அந்த வாரம் ஒரு தாளில் எல்லா மருந்துகளையும் எழுதினேன். மூலப் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நோய்க்கு, எந்த டாக்டர் எழுதியது, இப்போது ஒரு மாத்திரை என்ன விலை என்று ஆறு கட்டம். கடைசிக் கட்டத்தை நிரப்பும்போதுதான் அட்டைக்கு அட்டை மாத்திரை எண்ணிக்கை மாறுவதைக் கவனித்தேன். ஒரு கம்பெனியின் அட்டையில் பத்து, இன்னொன்றில் பதினான்கு, வேறொன்றில் பதினைந்து. அட்டை விலையை வைத்து மலிவு என்று நினைத்து வாங்கிய ஒன்று, மாத்திரைக் கணக்கில் விலை கூடியதாக இருந்தது. பிறகு விலை நிர்ணய ஆணையத்தின் பார்மா சஹி தாம் செயலியில் ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்தேன். பிராண்டு பெயரைக் கொடுத்தால் அதே மூலப்பொருள் கொண்ட மற்றக் கம்பெனி மருந்துகளையும் விலைகளையும் அது காட்டுகிறது. ஜெனரிக் மருந்துகளை மலிவாக விற்கும் மத்திய அரசுத் திட்டமான ஜன் ஔஷதி மருந்தகங்களின் சுகம் செயலியில் அங்கே கிடைப்பவற்றின் விலையைப் பார்த்து ஏழாவது கட்டமாகச் சேர்த்துக்கொண்டேன். ஜன் ஔஷதி திட்டம் 2008-லேயே தொடங்கியது. இத்தனை ஆண்டுகளாக இருந்த ஒன்றை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த முறை இதய டாக்டரைப் பார்த்தபோது அந்தத் தாளை அவர் முன் வைத்தேன். எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்திருந்தேன். “விலை குறைவாக ஏதாவது எழுதுங்கள்” என்று கேட்டால், மருந்தையே குறைக்கச் சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால், “இவற்றில் எதை ஜெனரிக்காக மாற்றுவதில் உங்களுக்குத் தயக்கமில்லை, எதை மாற்றக்கூடாது என்று சொல்லுங்கள்” என்று கேட்டேன். அந்தக் கேள்வி நன்றாக வேலை செய்தது. அவர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகக் குறி போட்டார். ரோசுவாஸ்டாட்டின், மெட்டோபுரோலால், டெல்மிசார்டன், பான்டோபிரசோல் நான்கையும் மாற்றலாம் என்றார். ஆஸ்பிரின் ஏற்கெனவே மலிவு என்பதால் அதை அவர் தொடவில்லை. டிகாகிரெலார் மட்டும் கூடாது என்றார். ஸ்டென்டில் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து அது. முதல் ஆண்டு முடிய இன்னும் நான்கு மாதமே இருக்கும்போது அதைத் தொட வேண்டாம் என்றார். மாதம் 1,800 ரூபாய்க்கு அதுதான் பில்லில் பெரிய தலை. இருந்தாலும் நான் வற்புறுத்தவில்லை.

பிறகு அவர் புதிய சீட்டில் நான்கு மருந்துகளையும் மூலப் பெயரில், பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதிக் கொடுத்தார். மருத்துவர்கள் ஜெனரிக் பெயரில், படிக்கும்படி எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவக் கவுன்சிலின் நெறிமுறைகளில் திருத்தம் வந்தது. 2023 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக்கிப் புதிய ஒழுங்குமுறை வந்து, எதிர்ப்பு எழுந்ததால் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே இன்றும் நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தயங்காமல் கேட்கலாம். கேட்டதற்காக எந்த டாக்டரும் இதுவரை எங்களிடம் கோபித்துக்கொண்டதில்லை.

வீட்டில்தான் எதிர்ப்பு வந்தது. “என் நெஞ்சுல கம்பி வச்சிருக்கு. இதுல போய்க் காசு பாக்கணுமா?” என்று கேட்டார் என் கணவர். அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை குறைந்தால் தரமும் குறையும் என்று துணியிலும் செருப்பிலும் பழகிய மனம், மாத்திரையிலும் அப்படித்தான் நினைக்கும். அவருக்கு நான் படித்ததைச் சொன்னேன். ஜன் ஔஷதிக்கு வரும் மருந்துகள் உலக சுகாதார நிறுவனத்தின் உற்பத்தி நெறிச் சான்று பெற்ற ஆலைகளிலிருந்து வாங்கப்படுகின்றன. ஒவ்வொரு பேட்சும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகே கடைக்கு அனுப்பப்படுகிறது. எளிதில் கரையாத மூலப்பொருள்களைக் கொண்ட ஜெனரிக் மாத்திரைகளுக்கு, அவை இரத்தத்தில் முதல் பிராண்டு அளவுக்கே சேர்கின்றனவா என்ற சோதனை 2017 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் சரி, ஆனால் படித்ததைச் சொல்லி ஒருவருடைய பயத்தைப் போக்க முடியாது. அளந்து காட்டினால் போகும்.

ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினோம். டாக்டரும் அதையே விரும்பினார். எதையாவது மாற்றிய பிறகு உடம்பில் மாறுதல் தெரிந்தால், எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமே. முதலில் டெல்மிசார்டன். காலையும் மாலையும் இரண்டு வாரம் அழுத்தத்தைக் குறித்தோம். பழைய எண்களும் புதிய எண்களும் ஒன்றாகவே இருந்தன. அடுத்து மெட்டோபுரோலால், நாடித்துடிப்பும் அழுத்தமும் மாறவில்லை. பிறகு ரோசுவாஸ்டாட்டின். மாற்றுவதற்கு முன் கெட்ட கொழுப்பு 62 இருந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் 60. அந்தத் தாளை என் கணவர் தானே இரண்டு முறை படித்தார். அதன் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. மாதம் எண்ணூறு ரூபாய் ஆன ரோசுவாஸ்டாட்டின் நூறு ரூபாயை ஒட்டி வந்து நின்றது.

இதிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோலைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கருவியிலோ இரத்தச் சோதனையிலோ பலனை அளந்து பார்க்க முடிகிற மருந்து என்றால், டாக்டரின் சம்மதத்தோடு துணிந்து மாற்றுகிறோம். அளக்க முடியாததும், தவறினால் திரும்பப் பெற முடியாத கேடு வருவதுமான மருந்து என்றால், பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். டிகாகிரெலார் இரண்டாவது வகை. வலிப்பு மருந்துகள், வார்ஃபரின், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றில் சிறு அளவு வித்தியாசமும் பெரிய விளைவைத் தரும் என்பதால், ஒரு தயாரிப்பில் நிலைப்பட்டுவிட்டால் அதிலேயே இருப்பது நல்லது என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். என் மாமியார் சாப்பிடும் தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். அது பிராண்டிலேயே மலிவு, அதை மாற்றி மாதம் பத்து இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அத்தையின் உடம்பைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

டிகாகிரெலார் விஷயத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. 2022 ஜனவரியில் ஓராண்டு முடிந்தது. ஆனால் அடுத்த சீட்டில் பழைய பட்டியலே அப்படியே நகலெடுக்கப்பட்டு வந்தது, டிகாகிரெலாரும் சேர்த்து. நாங்களும் இரண்டு மாதம் வாங்கினோம். மார்ச் மாதம் தாளைக் காட்டி, “இது எத்தனை நாளைக்கு என்று சொன்னீர்கள்?” என்று கேட்டபோதுதான், டாக்டர் பழைய கோப்பைப் பார்த்துவிட்டு, ஆஸ்பிரினை மட்டும் தொடரச் சொல்லி அதை நிறுத்தினார். வயிற்றுக்கான பான்டோபிரசோலையும் சில வாரங்கள் கழித்து நிறுத்தினார். ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும், எழுதும் அன்றே, எப்போது நிறுத்த வேண்டியது அல்லது எப்போது திரும்பப் பார்க்க வேண்டியது என்று கேட்டுத் தாளில் தேதி போட்டுவைக்கிறேன். மீண்டும் சொல்கிறேன்: கேட்பது நம் வேலை, நிறுத்துவது டாக்டரின் வேலை. ஸ்டென்ட் வைத்தவர் இம்மருந்தைத் தானாக நிறுத்தினால் குழாய் அடைத்து உயிருக்கே ஆபத்து வரும்.

மீதமிருந்தது சர்க்கரை மருந்து. சிட்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, நாளைக்கு இரண்டு, மாதம் 1,400 ரூபாய்க்குக் குறையாமல். இதற்கு ஜெனரிக் எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது, காப்புரிமை இருக்கிறது, அடுத்த ஆண்டு பாருங்கள் என்றார் சர்க்கரை டாக்டர். காப்புரிமை என்பது இருபது ஆண்டு; அது முடியும் வரை கண்டுபிடித்த கம்பெனியும் அது அனுமதித்தவர்களும் மட்டுமே விற்க முடியும். முடிந்த மறுநாளே பத்து இருபது கம்பெனிகள் இறங்குகின்றன, விலை சரிகிறது. சிட்டாகிளிப்டினுக்கு அது 2022 ஜூலையில் முடிந்தது. செப்டம்பரில் ஜன் ஔஷதியில் சிட்டாகிளிப்டின் 50 மி.கி. பத்து மாத்திரை 60 ரூபாய்க்கும், மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்தது பத்து மாத்திரை 65 ரூபாய்க்கும் வந்தன. மாதம் அறுபது மாத்திரைக்கு 390 ரூபாய். மாற்றுவதற்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.1, மாற்றிய மூன்று மாதம் கழித்து 7.0.

சில சிறிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். அட்டையை வெட்டி வாங்கினால், காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பக்கம் நம்மிடம் வரும்படி கேட்டு வாங்க வேண்டும். மாத்திரையைப் பிதுக்கும்போதும் எதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அதிக மில்லிகிராம் மாத்திரையை வாங்கி இரண்டாக உடைப்பது சில மருந்துகளில் மலிவாகும். நடுவில் கோடு இருக்கிறதா என்று பார்த்து, டாக்டரைக் கேட்ட பிறகே அதைச் செய்ய வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளையும், குடலில் கரையும்படி பூச்சு பூசியவற்றையும் உடைக்கவே கூடாது. மலிவான கடை எதுவானாலும் நாம் போகிற நாளில் கையிருப்பு இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், பத்து நாள் மருந்து மீதமிருக்கும்போதே அடுத்த மாதத்திற்கு வாங்கிவிடுகிறேன்.

பில் இல்லாமல் வாங்குவதில்லை என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். போலிப் புற்றுநோய் மருந்து விற்ற கும்பல் ஒன்றை 2024 மார்ச்சில் தில்லி காவல்துறை பிடித்த செய்தியை இங்கே எல்லோரும் படித்தோம். காலிக் குப்பிகளைச் சேகரித்து நிரப்பி விற்றிருக்கிறார்கள். விலை உயர்ந்த பிராண்டுகளையும் போலி செய்கிறார்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறி கட்டாயம். நம்ப முடியாத தள்ளுபடி கிடைக்கிற இடத்தில் அதைக் கைப்பேசியில் காட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். பில் வேறொன்றுக்கும் உதவுகிறது. மருத்துவக் காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோருக்குச் செய்த மருத்துவச் செலவை, ரொக்கமாக இல்லாமல் செலுத்தியிருந்தால், பழைய வரி முறையில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை என் கணவர் தன் அம்மாவுக்காகக் கழித்துக்கொள்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால், பழைய விலை அச்சிட்ட அட்டையில் நூறு ரூபாய் என்றிருந்தால் ஏறத்தாழ 93 ரூபாய் 75 காசுதான் வர வேண்டும் என்று அந்த வாரங்களில் கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன்.

2024 நடுவில் சர்க்கரை டாக்டர், இதயத்திற்கும் நல்லது என்று எம்பாகிளிஃப்ளோசினைச் சேர்த்தார். ஒரு மாத்திரை அறுபது ரூபாயை ஒட்டி இருந்தது. மாதம் 1,800 ரூபாய். இம்முறை நான் மலைத்து நிற்கவில்லை. காப்புரிமை எப்போது முடிகிறது என்று அன்றே கேட்டேன். 2025 மார்ச் என்று சொன்னார். நாள்காட்டியில் குறித்தேன். மார்ச் மாதம் பல கம்பெனிகள் ஒரே வாரத்தில் இறங்கின, சில கம்பெனிகளின் மாத்திரை பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. ஏப்ரல் சந்திப்பில் டாக்டர், நான் கேட்பதற்கு முன்பே, மூலப் பெயரை எழுதி நீட்டினார்.

அக்கா நாகர்கோவிலுக்குத் திரும்பிப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் எங்கள் பிளாக்கில் புதிதாகக் குடிவந்த திருச்சிப் பையன் ஒருவன், தன்னோடு இருக்கும் அப்பாவுக்கு மாதம் ஆறாயிரம் ஆகிறது, எந்தக் கடையில் தள்ளுபடி அதிகம் என்று கேட்டு வந்தான். “தம்பி, முதல்ல வீட்டில இருக்கிற அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வா” என்றேன். பையில் அள்ளிக்கொண்டு வந்தான். அதே மேசையில், அதே டியூப் லைட்டின் கீழே ஒவ்வொன்றாகச் சாய்த்துப் படித்தோம். ஒன்பது அட்டைகளில் இரண்டு வேறு வேறு பெயர்களில் ஒரே பான்டோபிரசோல் 40 மி.கி. இருந்தது. அவன் ஆறு கட்டத் தாளை எழுதி முடித்தபோது மணி ஒன்பதரை. சனிக்கிழமை அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகிறான்.